என் காலை உடைத்தவனுக்கு

நேற்று எண்ணெய்க் கடையில் விளக்கெண்ணெய் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேனின் மூடி நழுவி, எண்ணெய் மொபெட்டின் சூடான சைலன்சர் மேல் வழிந்தது. வெள்ளையாகப் புகை எழுந்தது. இனிப்பும் காரலுமாக அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, பொகையுதுங்க! தள்ளி வாங்க, தீப்புடிச்சுக்கப் போவுது" என்று கடைக்காரர் ஓடிவந்தார்.

நான் நகரவில்லை. திருச்செங்கோட்டுக் கடைவீதி காணாமல் போய், பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்து எரித்த வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்ற ஓடுதளம் வந்துவிட்டது. கம்பெனி எண்ணெய் கிடைக்காத நாட்களில் ஆத்தூர்ச் செக்கிலிருந்து தகர டின்னில் அதைக் கொண்டு வருபவன் நீதான். கேட்டால் எங்களுக்கும் ஊற்றுவாய். ஊற்றிவிட்டு, அதே எண்ணெயில் ஓடும் எங்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போவாய்.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுகிறார்கள். செத்தவனைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். நீ உயிரோடு இருந்தால் பாதிப் பேச்சிலேயே எழுந்து போயிருப்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் முதலில் பார்த்தது ஒரு மாரியம்மன் பண்டிகை சைக்கிள் பந்தயத்தில். நாமக்கல் ரோட்டில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. இருபுறமும் சனம். முன்னால் நான், என் பின்சக்கரத்தை ஒட்டி நீ. யார் வீட்டுப் பையன் என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது உன் முழங்கை என் விலாவில் இறங்கியது. சைக்கிளோடு குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய் விழுந்தேன். எழுந்து வந்து, மாலையும் கழுத்துமாக நின்ற உன் வாயிலேயே குத்தினேன். நீ உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இப்ப குத்துற வேகத்த அப்ப பெடல்ல காட்டியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப" என்றாய். அதற்கும் ஒன்று குத்தினேன். ஊர்க்காரர்கள் பிரித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் சைக்கிளை விட்டு மோட்டார் வண்டிக்கு நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் போனோம். சென்னைக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட ஓடுதளம் அது. சண்டை முடிந்து விமானங்கள் போன பிறகு வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே கார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு வண்டிக் கம்பெனிகள் வந்தன. சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓட்ட ஆரம்பித்தார்கள். பொழுதுபோக்காக இருந்தது பிழைப்பாயிற்று. பிழைப்பு ஆனதும் அடிதடியும் கூடிற்று.

வெளியே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது வேகமும் சத்தமும்தான். உள்ளே நடந்தது வேறு. வளைவில் முழங்காலால் இடிப்பார்கள். பக்கத்தில் வருபவன் பிரேக் பிடிக்கும் கையைப் பூட்ஸால் மிதிப்பார்கள். நம்மோடு ஓட்டிய ஒருவனுக்குச் சங்கிலியில் மாட்டி விரல்கள் போயின. வண்டியை நிறுத்தும் கொட்டகையில் அவன் அலறிக்கொண்டு கிடக்க, அடுத்த பந்தயத்துக்கு ஒலிபெருக்கியில் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாமும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனோம்.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டுமே சொன்னது போல இருந்தது. ஜெயிக்கிறவனுக்கு நிரந்தர வேலை, வெளிநாட்டுப் பந்தயம். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடைக்குத் திரும்பிப் போகக்கூடாது என்பது உன் வெறி. ரிக் லாரியில் ஏறி வடநாட்டுக் காடுகளில் ஆழ்துளைக் கிணறு போடப் போகக்கூடாது என்பது என் வெறி. நீ அன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நானும்தான்.

பந்தயம் முழுக்க நான்தான் முன்னால். கான்கிரீட் பலகைகளின் இடுக்கில் முளைத்திருந்த புல்லில் சக்கரம் ஏறும்போதெல்லாம் வண்டி உதறும். உன் வண்டியின் சத்தம் என் வலது காதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கடைசி வளைவு வலது பக்கம். நீ உள்பக்கமாக நுழைந்தாய். இடம் இல்லை. இடம் தரவும் நான் தயாராக இல்லை. உன் இடது கால் மேலே எழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். என் ஹேண்டில்பார் மேல் அது இறங்கியது.

அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். வானம், கான்கிரீட், மறுபடி வானம். முதுகுத் தோல் உரிந்தபோது வலியைவிடச் சூடுதான் தெரிந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த தகர டிரம்களில் மோதி நின்றேன். எழப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஒதுங்க வழியில்லாமல் என் வலது தொடை மேல் ஏறி இறங்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த கருவேலங்கட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி. தொடையிலிருந்து வெள்ளையாக ஏதோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னுடையது என்று புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கண் இருட்டிவிட்டது.

மீதி, என் மெக்கானிக் ராசு ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லித் தெரிந்ததுதான்.

தூசியும் புகையுமாக இருந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. நடுவர்கள் கூடாரத்தில் இரண்டு நிமிடம் பேசி, பந்தயத்தில் நடக்கும் விபத்துதான் என்று முடிவுகட்டினார்கள். உன் கழுத்தில் மாலை விழுந்தது. கம்பெனிக்காரர் உன் தோளில் கை போட்டுப் போட்டோவுக்கு நின்றார். அப்போது நீ, "விபத்து இல்லீங்க. நாந்தான் ஒதச்சேன்" என்றாயாம்.

கம்பெனிக்காரர் உன் காதருகே குனிந்து, "சும்மா இருப்பா. யாரும் பாக்கல" என்றார்.

"நான் பாத்தேன்" என்றாய் நீ.

மாலையை நீயே கழற்றி மேசைமேல் வைத்தாயாம். ஆயுளுக்கும் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். வெளியே வந்த உன்னை என் பக்கத்து ஆட்கள் சுற்றி வளைத்து அடித்தார்கள். ராசுவும் ஸ்பேனரால் உன் முதுகில் ரெண்டு போட்டானாம். நீ கையைத் தூக்கவில்லையாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு மனம் இளகியிருக்கும் என்று எதிர்பார்த்தான் போல.

"ஒத்துக்கிட்டா எங்காலு ஒட்டிக்குமாடா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு என்னை மாற்றிய பிறகு நீ வந்தாய். காலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நீ கதவருகே நின்றதைக் கண்டதும் தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்து வீசினேன். உன் புருவம் கிழிந்து, வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தமானது. நர்ஸ் கத்தினாள். நீ புருவத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாய்.

அம்மாதான் எழுந்து உன்னிடம் போனாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபத்திலும் மரியாதை விட்டுப்போவதில்லை என்று பின்னால் நீ எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறாய்! "எம் பையன் காலை ஒடச்சுப்போட்டு எந்த மூஞ்சியோட வந்தீங்க? போயிருங்க சாமி. நீங்களும் ஒருத்தி பெத்த புள்ளை. என் கைல கொடுவாள் இருந்தா இந்நேரம் வெட்டியிருப்பனுங்க. போயிருங்க" என்றாள். நீ கைகூப்பிவிட்டுப் போனாய். மறுவாரம் மறுபடி வந்தாய். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தாய்.

கால் கூடியது. ஆனால் குட்டையாகக் கூடியது. நடந்தால் ஒரு பக்கம் இறங்கும். ரிக் லாரிகள் நிற்கும் ஒரு கம்பெனி யார்டில் சாமான் பார்த்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓர் அறையில் அம்மாவோடு குடியிருந்தேன். ஒவ்வொரு லாரியும் கிளம்பும்போது ஒரு சத்தம் போடும் அல்லவா, அந்தச் சத்தத்தில் எனக்கு உன் வண்டி கேட்கும். சோற்றில் கை வைக்கும்போது உன் கால் எழுவது தெரியும். உன்னைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை என்று சொன்னால் பொய். அதைத் தவிர வேறொன்றையும் நினைத்ததில்லை.

வண்டி ஓட்டும் அளவுக்குத் தெம்பு வந்ததும் சேலத்தில் நீ வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். கிரீஸ் கையோடு நிமிர்ந்து பார்த்தாய்.

"வா. மலை ஏறலாம்" என்றேன்.

எதற்கென்று நீ கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "உன் வண்டி பிரேக் சரியா இருக்கா? இல்லன்னா பாத்துக் குடுக்குறேன்" என்றாய். அந்தக் கேள்விக்காகவே உன்னை அங்கேயே அடித்திருப்பேன்.

மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை நிறுத்தி, டீ குடிக்காமல் கிளம்பினோம். காலை வெயில் இன்னும் மலையின் பாதிக்குத்தான் இறங்கியிருந்தது. முதல் சில வளைவுகளிலேயே தெரிந்துவிட்டது, நீ முழு வேகத்தில் போகவில்லை. என்னைவிட்டு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. எனக்கு வலது பக்கமாக, பள்ளத்தின் ஓரமாகவே வந்தாய். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்த ஒரு வளைவு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மேலே எதிரில் ஒரு வண்டியும் இல்லை.

அந்த வளைவில் நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். ஒதுங்கவில்லை. வேகத்தைக் குறைக்கவில்லை. பள்ளம் உன்னிடமிருந்து ஒரு கை தூரம். நான் காலைத் தூக்கினேன்.

கால் வரவில்லை. மிதிகட்டையை விட்டு ஒரு சாண் எழுந்தது, அவ்வளவுதான். தொடைக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை உன்னினேன். வண்டி இடது பக்கம் சாய்ந்து, மலைச்சுவரை ஒட்டிய வடிகாலில் இறங்கிப் பாறையில் முட்டியது. நான் தூக்கி வீசப்பட்டேன்.

நீ வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாய். என்னைத் தூக்கக் குனிந்த உன் தலையில் என் தலைக்கவசத்தைக் கழற்றி அடித்தேன். மறுபடி அடித்தேன். நீ வாங்கிக்கொண்டே என் காலைத் தொட்டுப் பார்த்தாய், மறுபடி முறிந்திருக்கிறதா என்று. அது என்னை இன்னும் வெறியேற்றியது. உன் அம்மாவைச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று சொன்னேன். அப்போதுதான் நீ திருப்பி அடித்தாய். ஒரே அடி. என் முன்பல் ஒன்று ரோட்டில் போய் விழுந்தது. அதன்பிறகு இருவருமே நிறுத்தவில்லை. கல்லிலும் மண்ணிலும் புரண்டோம். உன் காதை நான் கடித்தேன். என் தலையைப் பிடித்து நீ தரையில் மோதினாய்.

மேலிருந்து காப்பிக்கொட்டை ஏற்றி வந்த லாரிதான் நம்மைப் பிரித்தது. டிரைவர் இறங்கிவந்து உன்னை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் இழுத்துப் போட்டார்.

"ஏனுங்க, யாருங்க நீங்க ரெண்டு பேரும்? நட்ட நடு ரோட்டுல இப்படியாங்க அடிச்சுக்குவாங்க?"

நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "சேந்து வண்டி ஓட்டுனவங்கண்ணே" என்றாய்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். நாம் மலைச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். மூச்சு அடங்கிய பிறகு நீ கேட்டாய்.

"காலைத் தூக்குனியே. அப்புறம் ஏன் ஒதைக்கல?"

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினேன்.

"மனசு மாறிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாய். உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மனசு மாறலடா. காலு வரல" என்றேன். "நீ ஒடச்ச காலுதானே. அது உன்னை ஒதைக்கிறதுக்குக்கூடத் தூக்க மாட்டேங்குது."

நீ என் காலைப் பார்த்தாய். அப்புறம் ரோட்டைப் பார்த்தாய். திடீரென்று அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் உன்னிடமிருந்து வந்தது. அத்தனை பேர் முன்னால் மாலையைக் கழற்றியபோது அழாதவன், ஸ்பேனர் அடிக்கு அழாதவன், வெறும் ரோட்டில் உட்கார்ந்து நெற்றியில் அறைந்துகொண்டு அழுதாய். எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று அன்றுதான் உனக்கு முழுதாகத் தெரிந்தது என்று எனக்குப் பட்டது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியப்போவதில்லை என்றும் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார்டுக்கு வந்து நின்றாய். உன் கையில் ஒரு மணல் மூட்டை, கயிறு.

"இன்னாத்துக்குடா இது?" என்று உன் ஊர்ப் பேச்சிலேயே உன்னைக் கேலி செய்தேன்.

"கால்ல கட்டிக்கினு தூக்கு. என்னை ஒதைக்கிற அளவுக்கு அது வரணும். அதுவரைக்கும் வருவேன்."

வந்தாய். மழையிலும் வந்தாய். அம்மா முதலில் உனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. நான் வலியில் உன்னைத் திட்டிய திட்டுக்கு யார்டில் இருந்த வடநாட்டு ஆட்கள்கூடச் சிரிப்பார்கள். நீ மணலைக் கூட்டுவாய், கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுவாய். "இன்னும் கொஞ்சம். என் மூஞ்சிய நெனச்சுக்கோ, தன்னால எழும்பும்" என்பாய். நினைத்துக்கொள்வேன். எழும்பும்.

ஒருநாள் மூட்டையை அவிழ்த்துவிட்டு என் முன்னால் பக்கவாட்டில் நின்றாய். "பாக்கலாமா?" என்றாய்.

உதைத்தேன். இருந்த பலமெல்லாம் கூட்டி உதைத்தேன். இடுப்பில் விழுந்தது. நீ பின்னால் அடுக்கியிருந்த துளைக்குழாய்கள் மேல் போய் விழுந்தாய். குழாய்கள் உருண்டு யார்டே அதிர்ந்தது. உன் கை மணிக்கட்டு முறிந்து தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, "வந்துடுச்சுடா! கால் வந்துடுச்சு!" என்று கத்தினாய். அம்மா வெளியே ஓடிவந்து இருவரையும் விளக்குமாறால் அடித்தாள். அவள் என்னைத்தான் அதிகம் அடித்தாள் என்பதை நீ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டினாய்.

மாவுக்கட்டுப் போட உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் நான்தான். அன்றோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். தீரவில்லை. உன் மணிக்கட்டு முறிந்ததில் எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை என்பதுதான் அன்று எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி.

பிறகு நமக்குக் கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள். நீ ஆத்தூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தாய். என் நொண்டலைப் பார்த்து யாராவது, "ரேஸ்ல ஆக்சிடென்ட்டுங்களா?" என்று கேட்டால், நான் வாய் திறக்கும் முன் நீ குறுக்கே விழுவாய். "ஆக்சிடென்ட் இல்லீங்க. நாந்தான் ஒதச்சேன்." என் கல்யாணத்தில் என் மாமனாரிடமே அப்படிச் சொன்னாய். அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "என்னங்க மாப்ள, இவரைப் போயி பக்கத்துல ஒக்கார வெச்சிருக்கீங்க?" என்றார். "இருந்துட்டுப் போறானுங்க" என்றேன்.

போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது உன் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. முகம் ஊதியிருந்தது. உன் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தாய். அந்தப் பிடியில் மட்டும் பழைய முரட்டுத்தனம் மிச்சமிருந்தது.

"ஒன்னு கேப்பேன். உள்ளதச் சொல்லணும். என்னை மன்னிச்சுட்டியா?"

சாகக் கிடப்பவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? வெளியே உன் மனைவியும் என் மகனும் இருந்தார்கள். ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் ஆறுதலாகியிருக்கும். உன் கண்களைப் பார்த்தேன். கூடாரத்தில் மாலையைக் கழற்றியவனின் கண்கள்.

"இல்லடா" என்றேன்.

நீ கண்ணை மூடினாய். பெருமூச்சு விட்டாய். "நல்லது. நீயும் பொய் சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்" என்றாய். அப்புறம், "சாப்ட்டியா?" என்று கேட்டாய். நான் சாப்பிடவில்லை. உனக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை என்னைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் தூங்கினாய். அதன்பிறகு நீ எழுந்து பேசவில்லை.

உன்னை எரித்துவிட்டுத் திரும்பும்போது என் மகன் கார் ஓட்டினான். சேலம் தாண்டியதும் எவனோ ஒருவன் இடது பக்கமாகப் புகுந்து உரசுவதுபோல முந்திப் போனான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். வசவுதான் வர வேண்டும். உன் பெயர் வந்தது. அந்தக் கார் போய் மறைந்த பிறகும் அந்தப் பெயரையே கத்திக்கொண்டிருந்தேன். மகன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அப்பா, அப்பா, என்னாச்சுங்க?" என்று என் தோளைப் பிடித்தான்.

அவனிடம் என்னவென்று சொல்வது? இத்தனை வருடமும் என் கோபம் முழுவதையும் வாங்கிக்கொள்ள நீ ஒருவன் இருந்தாய். அதனால்தானோ என்னவோ மனைவி மக்கள்மேல் நான் கை நீட்டியதில்லை, வேலைக்காரர்களைத் திட்டியதில்லை. ஊரில் எனக்குச் சாது என்று பேர். இன்று காலையும் அந்தக் கோபம் பழைய சூட்டோடு நெஞ்சுக்குள் எழுந்தது. கொடுக்க ஆள் இல்லாமல், மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றேன்.